ஐந்து நிமிட உரையியல்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

சங்க இலக்கியத்தில் வரும் மரம், பறவை, அணிகலன், உணவு என்று எல்லாவற்றுக்கும் முனைவர் பட்டம் வாங்கியாகிவிட்டது. எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. இணையவழிக் கணினிக் கல்வி மாநாட்டில் ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குகிறார்களே, ‘மின்னல் உரை’ என்று பெயர் சூட்டி, அந்த ஐந்து நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எந்த ஆய்வாளரும் தொட்டதில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு எல்லை: வடக்கே அழகர்மலை, தெற்கே திருமங்கலம், கிழக்கே திருப்புவனம், மேற்கே நாகமலை. இவற்றுக்கு இடைப்பட்ட சமவெளியில் நெல்லுக்கு அடுத்தபடியாக விளைவது கல்லூரி. 1881இல் அமெரிக்கன் கல்லூரி, 1957இல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் (காமராசர் பெயர் பிறகு சேர்ந்தது), அதன்பின் நாற்கரச் சாலையோரம் எண்ணி மாளாதவை. ஒவ்வொன்றிலும் ஒரு கணினித் துறை உண்டு. ஒவ்வொரு கணினித் துறையிலும் ‘பேப்பர் பிரசன்ட்’ பண்ண வேண்டிய கட்டாயத்தில் சில ஆசிரியர்கள் உண்டு. ஆகவே ஆய்வுக்களத்துக்குப் பஞ்சமில்லை.

முதன்மைச் சான்றுகள்: திரையில் நிகழ்ந்த உரைகள். துணைமைச் சான்றுகள்: பக்கத்தில் ஓடும் அரட்டைப் பெட்டி. ஆய்வு முறை: பங்கேற்று உற்றுநோக்கல். கேமராவை அணைத்துவிட்டு, கையில் டீ டம்ளருடன் செய்யப்பட்டது.

கருதுகோள்: ஐந்து நிமிட உரை ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை, முடிந்தால் அதில் உரை இருப்பதில்லை.

காலவியல்

எந்த ஆய்வும் மதுரையில் தொடங்கினால் சங்கத்தில்தான் தொடங்கும். இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களுக்கும் கணக்குத் தருகிறது. முதற்சங்கம் 4,440 ஆண்டு நடந்தது. பாடியவர் 4,449 பேர். இடைச்சங்கம் 3,700 ஆண்டு. பாடியவர் 3,700 பேர். இன்றைய மதுரையில் இருந்த கடைச்சங்கம் 1,850 ஆண்டு. பாடியவர் 449 பேர்.

இவ்வெண்களை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. அதனால் என்ன, மாநாட்டு நிகழ்ச்சி நிரலைக் கூடத்தான் யாரும் ஏற்பதில்லை. வகுத்துப் பார்த்தால் விளைவது இது: முதற்சங்கத்தில் ஆளுக்கு ஓராண்டு, அதில் முக்கால் நாள் குறைவு. இடைச்சங்கத்தில் துல்லியமாக ஓராண்டு. கடைச்சங்கத்தில் ஆளுக்கு நான்கு ஆண்டும் ஏறத்தாழ ஒன்றரை மாதமும். அதாவது பேச்சுக்கு ஒதுக்கிய நேரம் சங்கத்துக்குச் சங்கம் கூடியிருக்கிறது. இப்படி வளர்ந்துவந்த மரபில் வந்தவரிடம் திடீரென்று “உங்களுக்கு அஞ்சு நிமிஷம் சார்” என்றால் அவர் என்ன செய்வார்?

மறுதலையாகவும் கணக்கிடலாம். முதற்சங்கப் புலவர் 4,449 பேருக்கும் தலைக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் 22,245 நிமிடம். இரவு பகல் ஓயாமல் நடத்தினால் 15 நாளும் 10 மணி 45 நிமிடமும். அந்தச் சங்கத்தின் ஊரை விழுங்கியதாக மரபு சொல்லும் கடல்கோளுக்கு வெகுமுன்பே நன்றியுரை சொல்லி நாட்டுப்பண் பாடிக் கலைந்திருக்கலாம்.

அடுத்து அளவை. பழங்கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம்; அதில் அறுபதில் ஒரு பங்கு விநாழிகை, 24 விநாடி. ஆக ஐந்து நிமிடம் என்பது பன்னிரண்டரை விநாழிகை. கட்டணம் கட்டாத ஜூம் கணக்கு கூட்டத்தைத் துண்டிக்கும் 40 நிமிடம் ஒன்றே முக்கால் நாழிகைக்கும் சற்றுக் குறைவு. பேச்சாளரின் காலத்தை அளப்பதற்கென்று ஆள் வைப்பதும் நமக்குப் புதிதன்று. பாசறையில் இருக்கும் வேந்தனுக்கு நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லும் நாழிகைக் கணக்கர் முல்லைப்பாட்டில் வருகிறார்கள். அந்த முல்லைப்பாட்டு 103 அடி. பத்துப்பாட்டில் மிகச் சிறியது அதுதான். கடிகாரக்காரரை உள்ளே விட்ட பாட்டு சிறியதாக முடிந்திருப்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். பத்துப்பாட்டில் மிகப் பெரியது எது? 782 அடி. மாங்குடி மருதனார் பாடியது. பெயர்: மதுரைக்காஞ்சி.

இதற்குமேல் சான்று வேண்டுமா?

தோற்றவியல்

ஐந்து நிமிட உரைக்கு ‘மின்னல் உரை’ என்று பெயர் விழுந்த ஊர் பிட்ஸ்பர்க். 2000ஆம் ஆண்டு ஜூனில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பெர்ல் நிரல்மொழிக்காரர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் இட்ட எண் 19100. புத்தாயிரம் பிறந்தபோது தவறாக எழுதப்பட்ட நிரல்கள் 2000 என்பதற்குப் பதில் 19100 என்று ஆண்டைக் காட்டின அல்லவா, அந்தக் கேலிதான் பெயரானது. அங்கே மார்க் ஜேசன் டொமினஸ் என்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக மேடையேற்றும் அமர்வு ஒன்றை நடத்தினார். இம்முறையின் பயன் எளியது: புதியவர் பயமில்லாமல் பேசலாம், பேச்சு சொதப்பினாலும் கேட்பவருக்கு நட்டம் ஐந்தே நிமிடம்.

இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. 2003இல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் ‘பெச்சாகுச்சா’வைத் தொடங்கினார்கள். 20 படம், படத்துக்கு 20 விநாடி. மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. படம் தானாக நகர்ந்துவிடும், “நெக்ஸ்ட் ஸ்லைடு ப்ளீஸ்” என்ற வேண்டுகோளுக்கு அங்கே இடமில்லை. 2006இல் சியாட்டிலில் வந்த ‘இக்னைட்’ படத்துக்கு 15 விநாடியாகக் குறைத்து ஐந்து நிமிடத்தில் நிறுத்தியது.

எல்லாவற்றிலும் சிக்கனமானது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேடு. ஒரே படம், மூன்றே நிமிடம், முழு முனைவர் பட்ட ஆய்வு. அதன் தோற்றக் கதை மதுரைக்காரர் மனத்தில் பதிய வேண்டியது. அப்போது அம்மாநிலத்தில் கடும் வறட்சி. குளிக்கும் நேரத்தை அளக்க மூன்று நிமிடச் சிறு கடிகாரத்தைக் குளியலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்தாருக்கு இந்த யோசனை வந்ததாம். வறட்சி சுருக்கத்தைப் பெற்றெடுக்கும் என்றால் சுருங்கப் பேசும் கலை வைகைக் கரையில் அல்லவா பிறந்திருக்க வேண்டும்? ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளைச் சொல்லச் சொன்னால் செல்லூர்க்காரர் ஒருவரே அரைமணி நேரம் பேசுவார். ஒருவேளை அதுதான் காரணமோ என்னவோ.

கணினிக் கல்விக்காரர்களின் மாநாட்டு மரபு பழையது. அமெரிக்காவில் அவர்களது பெருங்கூட்டம் 1970இல் ஹூஸ்டனில் தொடங்கியது. ஐம்பத்தொன்றாவது கூட்டம் 2020 மார்ச்சில் போர்ட்லண்டில் கூடியபோது, முன்நிகழ்வுகள் தொடங்கிவிட்ட நிலையில், 12ஆம் தேதி நிறுத்தப்பட்டது. கொரோனா. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூசிலாந்தின் டுனீடனில் கூடியிருக்க வேண்டிய கணினிக் கல்வி ஆய்வு மாநாடு முழுவதும் இணையத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பெருங்கூட்டமும் திரைக்குள் வந்தது.

மதுரையும் பின்தங்கவில்லை. 2020 மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. அம்மன் கல்யாணத்தையே வீட்டிலிருந்து பார்த்த ஊருக்கு வெபினார் எம்மாத்திரம்? ஜூன் 24 முதல் நகரில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, மூடிய கதவுகளுக்குப் பின்னால் வெபினார்கள் வகைதொகையில்லாமல் நடந்தன. சுவரொட்டியில் போடும் அதே படங்கள், அதே அளவில், அதே வரிசையில் வாட்சப்பில் வந்தன. கீழே ஒரு வரி: ‘இ-சர்ட்டிபிகேட் வழங்கப்படும்’.

வெளிநாட்டு மாநாடுகள் இணையத்துக்கு வந்ததில் மதுரைக்கு ஒரு தனி வசதியும் கிடைத்தது. கோடைக்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே இரவு 11.30. பிற ஊர் ஆசிரியர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் மதுரையில் இட்லிக் கடையில் கூட்டம் குறைந்திருக்காது. பகல் சந்தையாகிய நாளங்காடியையும் இரவுச் சந்தையாகிய அல்லங்காடியையும் மருதனார் ஒருசேரப் பாடிய ஊர் இது. தூங்கா நகரம் என்ற பட்டம் கல்விப் பணிக்குப் பயன்பட்டது அப்போதுதான்.

உறுப்பியல்

இனி அறுவைக்கூடம். கீழே காட்டப்படுவது எந்தத் தனி ஆசிரியரின் உரையும் ஆகாது. பல உரைகளிலும் பொதுவாகக் காணும் உறுப்புகளைப் பொருத்திக் காட்டும் மாதிரி வடிவம்.

முதல் உறுப்பு, கேட்பாய்வு. “ஆம் ஐ ஆடிபிள்? சார், கேக்குதா?” பதில் இல்லை. பேசுபவரே கேட்டுக்கொண்டதால் ஒருங்கிணைப்பாளர் எல்லாரையும் மியூட் செய்திருக்கிறார். மீண்டும், “கேக்குதுங்களா?” மூன்று பேர் ஒரே சமயத்தில் “எஸ் சார்” என்கிறார்கள். நாற்பது விநாடி.

இரண்டாவது, திரை திறப்பு. முதலில் தெரிவது பேச்சாளரின் வாட்சப். அவசரமாக மூடினால் தெரிவது மகளின் பள்ளிக் கட்டண ரசீது. கடைசியில் படங்கள் வருகின்றன, முழுத்திரையாக வராமல், பக்கவாட்டில் எல்லாப் படமும் வரிசையாகத் தெரியும் நிலையில். “எஃப்-5 அமுக்குங்க மேடம்” என்று ஒரு நல்ல ஆத்மா சொல்லும். இன்னொரு நாற்பது.

மூன்றாவது, விளி. தாளாளர், செயலர், முதல்வர், துறைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர், தலைமை தாங்கும் பேராசிரியர், உடன் பேசுவோர், அன்பு நண்பர்கள். எவரையும் விட முடியாது. விட்டால் வரும் விளைவு மாநாட்டோடு நிற்காது, அடுத்த சம்பள உயர்வு வரை வரும். ஒரு நிமிடம். பட்டிமன்றத்தில் பழகிய காதுக்கு இது வியப்பு. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சாலமன் பாப்பையாவின் மேடையில் ‘நடுவர் அவர்களே’ என்ற விளி மூன்று விநாடியில் முடியும். அரை நிமிடத்துக்குள் முதல் கைதட்டு வந்திருக்க வேண்டும். அந்த மேடை இருக்கும் ஊரில்தான் இந்தத் திரையும் இருக்கிறது.

நான்காவது, தலைப்புப் படம். கல்லூரிச் சின்னம், தரச்சான்றுச் சின்னம், மாநாட்டுச் சின்னம், ஊக்குவித்த அமைப்புகளின் சின்னங்கள். நடுவில் ஒரு கோடாகத் தலைப்பு. பேச்சாளர் அதைப் படிக்கிறார். ஒருங்கிணைப்பாளர் அறிமுகத்தில் ஏற்கெனவே படித்தார். அது திரையிலும் இருக்கிறது. நாற்பது விநாடி.

ஐந்தாவது, உள்ளடக்கம் என்ற படம். முன்னுரை, இலக்கிய மீளாய்வு, முறையியல், முடிவுகள், விவாதம், முடிவுரை, நன்றி. ஐந்து நிமிட உரைக்கு ஏழு இயல். ஐம்பது விநாடி.

ஆறாவது, பெரியோர் வாக்கு. கல்வி என்றால் என்ன என்று ஒரு பெரியவர் சொன்னது. பெரும்பாலும் அந்தப் பெரியவர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். நாற்பது விநாடி.

கூட்டிப் பாருங்கள், நான்கரை நிமிடம். எஞ்சிய முப்பது விநாடியில்தான் அவர் வகுப்பறையில் உண்மையிலேயே செய்து பார்த்த ஒன்று வர வேண்டும். அப்போது தெருவில், ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு’ என்று தள்ளுவண்டி ஒலிபெருக்கி வருகிறது. ஆடி மாதமாக இருந்தால் தள்ளுவண்டியே தேவையில்லை. முளைப்பாரிக்குக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி போதும். “நேரமின்மை காரணமாக இந்த ஸ்லைடுகளைத் தாண்டுகிறேன்” என்கிறார் பேச்சாளர். தாண்டப்பட்ட படங்களில்தான் உரை இருந்தது.

ஏழாவது உறுப்பான ‘தேங்க் யூ’ படம் ஒருபோதும் தாண்டப்படுவதில்லை. ரோஜாப்பூ உண்டு.

அவையியல்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், மாணாக்கரை எட்டு உவமைகளில் அடக்கியது: அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. முதல் இரண்டும் தலை, அடுத்த இரண்டும் இடை, எஞ்சிய நான்கும் கடை. இணைய அவையை வகைப்படுத்த இதைவிடச் சிறந்த கருவியை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை தரவில்லை.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், விளிகளையும் சின்னங்களையும் கழித்துவிட்டு அந்த முப்பது விநாடியை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்பவர். அரிது. வயிறார மேய்ந்து பிறகு அசைபோடும் ஆ, பதிவு செய்த காணொளியை ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பவர். உழுபவன் முயற்சிக்கு ஏற்ப விளைவு தரும் மண், கேள்வி கேட்டால் பதில் சொல்பவர், கேட்காதவரை அமைதி. சொன்னதையே சொல்லும் கிளி, அரட்டைப் பெட்டியில் முதல் ஆள் போட்ட “வெரி நைஸ் செஷன் சார்” என்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டுபவர். கிளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்போது பெட்டியில் நாற்பது வரி ஒரே வாசகம் இறங்கும். யாராவது உண்மையான கேள்வி கேட்டிருந்தால் அதற்குள் அது மேலே போய் மறைந்திருக்கும்.

ஓட்டைக் குடம் பற்றி விளக்கம் தேவையில்லை. அதன் ஓட்டை செல்பேசி. செடிக்குச் செடி ஒரு வாய் கடித்துவிட்டு நகரும் ஆடு, ஒரே நேரத்தில் மூன்று வெபினாரில் மூன்று கருவி வைத்து நுழைந்திருப்பவர். குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, மைக்கைத் திறந்து வைத்து மின்விசிறி, குக்கர் விசில், “இன்னிக்கு என்ன கொழம்பு” எல்லாவற்றையும் அவைக்கு அளிப்பவர். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி, உரை முடிந்ததும் “பின்னாடி சுவத்துல இருந்த காலண்டர் எந்தக் கடை சார்?” என்று கேட்பவர்.

நன்னூலார் அறியாத ஒன்பதாம் வகை ஒன்று உண்டு: கறுப்புக் கட்டம். பெயர் மட்டும் இருக்கும், சில நேரம் அதுவும் இல்லாமல் கைபேசியின் மாடல் எண் இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது தெரியும் தருணம் ஒன்றே: “ஃபீட்பேக் ஃபார்ம் லிங்க் போட்டிருக்கோம், நிரப்பினால்தான் சர்ட்டிபிகேட்” என்று அறிவிக்கும்போது எல்லாக் கட்டத்திலும் உயிர் வரும்.

மதுரையில் இதற்கு நேர்மாறான ஓர் அவை இருந்ததாக மரபு. இறையனார் அருளிய அறுபது நூற்பாவுக்குச் சங்கப் புலவர்கள் ஆளாளுக்கு உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்மானிக்க உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஐந்து வயது. பேச வராது. ஒவ்வொருவராக உரை சொல்ல, பிள்ளை சும்மா இருந்தது. மருதன் இளநாகனார் சொன்னபோது இடையிடையே கண்ணீர் வந்தது, மயிர் சிலிர்த்தது. நக்கீரர் சொன்னபோது சொல்தோறும். அதைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்பது கதை.

ஆய்வுக்கு வேண்டிய செய்தி கதையின் உண்மையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. அவைத்தலைவரே மியூட்டில் இருந்தபோதும் பேசியவர்களுக்குத் தங்கள் பேச்சு எடுபட்டதா என்று தெரிந்தது, முகம் தெரிந்ததால். நக்கீரர் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு உரை சொல்லியிருந்தால், அவரும் நடுவில் நிறுத்தி, “கேக்குதுங்களா?” என்றுதான் கேட்டிருப்பார். ஆகவே முதல் உறுப்பாகிய கேட்பாய்வுக்கு முழுப்பழியையும் பேச்சாளர் மீது போடுவது நியாயமாகாது. நாற்பது விநாடியில் இருபதை அவை ஏற்க வேண்டும்.

குற்றவியல்

அதே நன்னூல் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்திருக்கிறது. அழகில் முதலாவது சுருங்கச் சொல்லல். குற்றங்களில் மின்னல் உரைக்கு முழுமையாகப் பொருந்துவன சில.

கூறியது கூறல்: தலைப்பை மூன்று முறை படிப்பது. மற்றொன்று விரித்தல்: நிரலாக்கம் கற்பிப்பது பற்றிய உரையில் கணினியின் ஐந்து தலைமுறைகளை விவரிப்பது. சென்று தேய்ந்து இறுதல்: கம்பீரமாகத் தொடங்கி இணைய இணைப்போடு சேர்ந்து தேய்வது. நின்று பயனின்மை: “இவ்வாறு தொழில்நுட்பம் கல்வியை மேம்படுத்துகிறது” என்று முடிப்பது. திருக்குறளும் 649ஆம் பாவில், குற்றமற்ற சில சொல்லத் தெரியாதவரே பல சொல்ல ஆசைப்படுவர் என்கிறது. அதைச் சொல்ல வள்ளுவருக்கு ஏழு சீர் போதுமானதாக இருந்தது.

ஆனால் பவணந்தியாரிடம் இல்லாத ஒரு குற்றம் கணினித் துறைக்கே உரியது. இதை ‘ரெக்கார்டு நோட்டுக் குற்றம்’ எனலாம்.

நம் கல்லூரிகளில் நிரல் எழுதிப் பழகிய எவருக்கும் அந்த நோட்டு தெரியும். நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, கடைசியில் முடிவு. முடிவு எப்போதும் ஒன்றே: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது. ஆய்வகத்தில் கரண்டு போன அன்றும் அதே வரி. நிரல் ஓடாமல் பக்கத்து மாணவியின் வெளியீட்டைப் பார்த்து எழுதிய அன்றும் அதே வரி. ஆண்டுக்கணக்கில் இந்த வரியை எழுதியவரும் அதில் கையெழுத்துப் போட்டவரும் மாநாட்டுக்கு வந்தால் அதே வரியைத்தான் கொண்டுவருவார்கள்: புதிய முறையைப் புகுத்தினோம், மாணவர்கள் பயனடைந்தனர்.

இத்துறையில் உலகம் அறிந்த ஆய்வுகளோ வேறு விதம். 2001இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான குழு நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடம் முடித்த 216 மாணவருக்குத் தேர்வு வைத்தது. மொத்த மதிப்பெண் 110, சராசரி 22.89. இந்தத் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகள் பலவும் அந்த எண்ணிலிருந்துதான் கேள்வி எழுப்பின. 2007இல் பெனட்சன், காஸ்பர்சன் என்ற இருவர் பல நாட்டுக் கல்லூரிகளை விசாரித்து, முதல் நிரலாக்கப் பாடத்தில் மூன்றில் ஒருவர் தேறுவதில்லை என்று காட்டினார்கள். 2019இல் திரும்பக் கேட்டபோது அது 28 விழுக்காடு. இந்த எண்களோடு ஒப்பிட்டால், வெற்றிகரமாக இயங்காத நிரல் ஒன்றுகூட இல்லாத நம் ரெக்கார்டு நோட்டு உலக அதிசயம்.

மின்னல் உரையின் சிறப்பே அரைகுறையாக நிற்பதைச் சொல்ல அது இடம் தருவதுதான். முழுக் கட்டுரைக்குத் தரவு வேண்டும், கட்டுப்பாட்டுக் குழு வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வகுப்பும் ஒரு சந்தேகமும் போதும்.

எடுத்துக்காட்டாக ஓர் உரையைக் கற்பனை செய்வோம். திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரி. முதலாண்டு மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். பலரிடம் மடிக்கணினி இல்லை, செல்பேசி மட்டும் உண்டு. அந்தச் சிறு திரையில் சி நிரலைத் தட்டச்சு செய்யச் சொன்னால் அரைப்புள்ளியைத் தேடுவதிலேயே வகுப்பு முடிகிறது. ஆசிரியை ‘பார்சன்ஸ் புதிர்’ முறையை எடுக்கிறார். 2006இல் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் எழுதியது: நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்துவிட்டு, சரியான வரிசையில் அடுக்கச் சொல்வது. தட்டச்சு வேண்டாம், விரலால் இழுத்தால் போதும். ஆசிரியை புதிரின் விளக்கத்தைத் தமிழிலும், நிரல் வரிகளை உள்ளது உள்ளபடியும் கொடுக்கிறார். சுழற்சிக் கட்டளை வரை நன்றாகப் போகிறது. பாயின்டர் வந்ததும் எல்லாரும் வரிகளைச் சரியாக அடுக்குகிறார்கள், ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. “உங்க வகுப்புல இந்த இடத்துல என்ன பண்றீங்க?”

இதைச் சொல்ல மூன்று நிமிடம் ஆகும். இரண்டு நிமிடம் மிச்சம். அந்த இரண்டு நிமிடத்தில் டுனீடனிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ ஒருவர் பதில் சொல்லக்கூடும். கறுப்புக் கட்டம் ஒன்று திறக்கவும் கூடும்.

முடிவும் பரிந்துரைகளும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஐந்து நிமிடம் போதாது என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. நான்கரை நிமிடத்தை மரியாதைக்குக் கொடுத்துவிட்டு மீதியில் பாடம் நடத்தும் ஏற்பாடுதான் குற்றவாளி. கடைச்சங்கத்துப் புலவருக்குக் கிடைத்த நான்கு ஆண்டும் ஒன்றரை மாதமும் இன்றைய பேச்சாளருக்குத் தரப்பட்டாலும், அதே விகிதத்தில் ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு வரை மரியாதையே நடக்கும் என்று ஆய்வாளர் கருதுகிறார்.

மதுரை வட்டாரத்தில் இணையவழி மாநாடு நடத்துவோருக்குச் சில பரிந்துரைகள். சின்னங்களை முதல் நாளே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். அவை எங்கும் ஓடிப்போகா. ஒலிச்சோதனையைக் கூட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே வைத்துக்கொள்ளலாம். தலைப்பை அறிவிக்கும் உரிமை ஒருவருக்கே: ஒருங்கிணைப்பாளர் படித்தால் பேச்சாளர் படிக்கக் கூடாது. ‘எது சரிவரவில்லை’ என்ற ஒரு படம் ஒவ்வோர் உரையிலும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அந்தப் படத்தைத் தாண்டுபவருக்குச் சான்றிதழ் இல்லை. பேசுபவருக்கு எதிரே குறைந்தது ஐந்து பேராவது கேமராவைத் திறந்துவைத்து உருத்திரசன்மன் வேலை பார்க்க வேண்டும். கண்ணீர் விட வேண்டியதில்லை, தலையாட்டினால் போதும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்தது. அதிலிருந்து நமக்குத் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. இன்றும் அதில் ஆயிரக்கணக்கானோர் தட்டச்சு செய்கிறார்கள். அங்கே யார் வரவேற்றார், யார் முன்னிலை வகித்தார் என்று அவர்களைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பெயரை முதல் நிமிடத்தில் சொல்லாத உதவிப் பேராசிரியர் மீது கோபப்படாதீர்கள். அந்த நிமிடத்தில் அவர் பாயின்டர் புரியாத மாணவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.